பின் இடது சக்கரத்துக்கு ஒரு ஃபில்லிங்

விரிசல் விஷயத்தில் பல் டாக்டர் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார். பேஷண்ட் வாயைத் திறந்ததும் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கைச் சாய்த்து, "ம்ஹூம்" என்பார். அந்த ஒரு ம்ஹூமுக்கே பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். "கடைவாய்ப் பல்லுல மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுது. இன்னிக்கு வலிக்காது, நாளைக்கும் வலிக்காது. என்னிக்கோ ஒரு நாள் ஒரு கடலையைக் கடிப்பீங்க, ரெண்டா பிளந்துக்கும். அப்ப வந்து என்கிட்ட அழக்கூடாது, சொல்லிட்டேன்." இப்படிச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷத்தை ஓட்டிய மனுஷன். அப்பேர்ப்பட்டவர் இப்படி ஒரு காரியம் செய்தார் என்றால் யார் நம்புவார்கள்?

அவருக்கு ஒரு கார் இருந்தது. இரண்டே இரண்டு சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், உள்ளே ஏறுவதற்கு முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வயது முப்பத்தாறு. அவருடைய ஒரே மகளைவிடப் பத்து வயது மூத்தது. அதனால் அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் 'மூத்தது'. "உங்க மூத்ததைக் குளிப்பாட்டியாச்சா? இளையதுக்குக் காய்ச்சல் அடிக்குது, நேரம் இருந்தா வந்து பாருங்க" என்று ஒரு காலத்தில் வாசலில் நின்று கத்தியதுண்டு. கிளினிக்குக்குக் கீழேயே மருந்துக் கடை வைத்திருக்கிற அம்மாள். இவர் பல்லில் கை வைத்து அனுப்புகிறவர்களுக்கு அவர்தான் வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பார். கணவரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் அந்த அம்மாளும் நினைத்திருந்தார்.

மகள் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, கயிறு தேய்ந்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. காரை வாங்கிய பதினோரு வருஷமாக அது நடுரோட்டில் நின்ற போதெல்லாம் இறங்கித் தள்ளியவள் அவள்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் வேகமா தள்ளு பாப்பா" என்று சொன்னவர் இவர். ஒரு நாளாவது ஓட்டக் கொடுத்திருப்பாரா? மூச்! கடைசியில் அவளுடைய இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தொலைத்தார். "உன் வண்டியை ரேஸ் டிராக்குல ஒரே ஒரு தடவை ஓட்டணும்" என்றாள். பத்து நாள் யோசித்துவிட்டு, சரி என்று ஒத்துக்கொண்டார்.

அவள் உடனே கேட்ட கேள்வி, "சக்கரத்தை யாரையாவது வச்சு செக் பண்ணியாப்பா?" அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கு அடுத்த வாரமும் கேட்டாள்.

"நானே பாத்துட்டேன்மா" என்றார் டாக்டர் மூன்று தடவையும். அது பொய் இல்லை. பார்த்தது உண்மை. பார்த்ததுதான் வினையே.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சக்கரங்களைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காரோடு பிறந்த சக்கரங்கள் அவை. ஐந்து மெல்லிய ஸ்போக், வெளிப்பக்கம் வெள்ளிப் பூச்சு, உள்பக்கம் வெறும் உலோகம். இப்போது யாரும் அந்தச் சக்கரத்தைச் செய்வதில்லை. பின் இடது சக்கரத்தைத் திருப்பிப் போட்டுத் துடைத்தபோது, ஒரு ஸ்போக் விளிம்போடு சேருகிற இடத்தில், துணியின் நூல் மாட்டியது. குனிந்து பார்த்தார். நகத்தளவு ஒரு கோடு. உள்ளே போய், பல் பார்க்கிறபோது மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நேர்க்கோடு இல்லை, லேசாக நெளிந்து நெளிந்து ஓடியது. எந்தப் பேஷண்டின் வாயில் பார்த்திருந்தாலும் "ம்ஹூம்" என்றிருப்பார்.

ஆனால் இது சொந்தச் சக்கரம் ஆயிற்றே. "கீறல்" என்று வாய்விட்டுச் சொன்னார். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தாலும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். கல் பட்டிருக்கும். முன்னால் வைத்திருந்தவன் ஸ்பேனரைப் போட்டிருப்பான். செய்யும்போதே விழுந்த அச்சாக இருக்கும். ஒரு கோட்டுக்கு மூன்று காரணம் கண்டுபிடித்த பிறகும் மனசு கேட்கவில்லை. சக்கரத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

அங்கே பதினெட்டு வருஷமாக அவருக்கு உதவியாக இருக்கும் சிஸ்டர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் பேஷண்ட் நாற்காலியில் சக்கரத்தைப் படுக்க வைத்து, விளக்கை இழுத்து, கையுறையை மாட்டிக்கொண்டார். சிஸ்டர் சக்கரத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பழக்க தோஷத்தில் சக்கரத்தின் மேல் ஒரு கழுத்துத் துணியையும் விரித்தார்.

"டாக்டர், பேஷண்ட் பேரு என்னன்னு எழுதட்டும்?"

"சிஸ்டர், விளையாடாதீங்க."

"மரத்துப் போற ஊசி எடுக்கவா?"

"அந்த ஆசிட் ஜெல்லை எடுங்க முதல்ல."

சொன்னால் சொன்னதுதான், டாக்டருடைய கை தங்கமான கை. கோட்டின் மேலேயே டிரில்லை ஓட்டி மெல்லிய பள்ளம் பறித்தார். ஜெல் தடவி, கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். ஃபில்லிங் மருந்தில் பென்சில் தூளைக் குழைத்து, சக்கரத்தின் சாம்பல் நிறத்துக்கு அச்சு அசலாகக் கொண்டுவந்தார். அந்த நிறம் வருவதற்கு மட்டும் ஏழு தடவை கலக்கினார். அடைத்து, நீல விளக்கைப் பிடித்து இறுக வைத்து, தேய்த்து மழமழவென்று ஆக்கினார். அதோடு விட்டாரா? எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்போக்கின் அடிப்பாகம் முழுக்க நாலு விரல் அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சும் பூசி, அதற்கும் நீல விளக்கைக் காட்டினார். முடித்துவிட்டுப் பார்த்தபோது, எந்த இடத்தில் கோடு இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பல்லுன்னா மிஞ்சிப் போனா ஒரு கடலையைக் கடிக்கும். இது மேல ஒரு காரே நிக்குமே?"

"நான் வச்ச ஃபில்லிங் எதாவது இன்னிக்கு வரைக்கும் விழுந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் என்ன?"

சிஸ்டர் கழுத்துத் துணியை எடுத்து மடித்து வைத்தார். அடுத்த ஞாயிறு டாக்டர் அதே சக்கரத்தை மாட்டிக்கொண்டு டிராக்குக்குப் போய், நாலு மணி நேரம் காட்டு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, கீறல்தான் என்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கோட்டை மறந்தே போனார், அல்லது மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

மகளுடைய நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் டிராக்குக்குப் போய் இறங்கியபோது, ஷெட்டில் வண்டிகள் எல்லாம் சக்கரம் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தன. என்ன இது என்று டாக்டர் விழித்தார். பக்கத்தில் வக்கீல் நின்றார். அவரும் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்தான். கழுத்தில் பட்டை கட்டியிருந்ததால், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"உங்களுக்கு விஷயம் தெரியாதா டாக்டர்? போன மாசம் நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு சக்கரம் என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. யார்றா இவன், பிரமாதமா ஓட்டறானேன்னு பாத்தேன். என்னோட சக்கரம்! அது என்னோடதுன்னு புரியறதுக்குள்ள நான் புல்லுல கிடக்கேன். அதனால இப்ப புது ரூல். இருபத்தஞ்சு வயசு தாண்டின வண்டின்னா சக்கரத்தைக் கழட்டி சாயம் போட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க."

டாக்டரின் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.

சாயம் போடுகிறவர் ரயில்வே பட்டறையில் சக்கரம் சோதித்தே தலை நரைத்த ஒரு அம்மாள். எல்லாரும் சாயக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். விரலெல்லாம் சிவப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் மேஜை மேல் கவிழ்த்து, சிவப்புத் திரவத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, அதன் மேல் வெள்ளைப் பொடியைத் தெளிப்பார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சிவப்பு மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையின் மேல் கோடு போட்டுக் காட்டிவிடும். வேலையோடு வேலையாக வாயும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு சுத்துக்கும் சக்கரம் துளி வளையும், துளி நிமிரும். கம்பியை வளைச்சு வளைச்சே ஒடிக்கறோம் இல்ல, அதே கதைதான். அந்தக் காலத்து டயர்னா வளைவுல வழுக்கிடும், சக்கரம் தப்பிச்சுக்கும். நீங்க இப்ப மாட்டியிருக்கற டயர் தரையைக் கவ்விக்கிட்டு விடவே விடாது. அந்த இழுப்பு மொத்தமும் இந்தக் கிழட்டுச் சக்கரத்தோட வேர்ல வந்து விழுது. வெளியில பாத்தா பளபளன்னு இருக்கும். உள்பக்கம்தான் ஆரம்பிக்கும். ஆரம்பிச்சா வளந்துக்கிட்டேதான் போகும்."

மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்டாள். டாக்டரும் தலையாட்டினார். தான் பேஷண்டுகளுக்குச் சொல்வதையே யாரோ தனக்குச் சொல்வதுபோல் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சுற்றிலும் இருபது பேர் நிற்கிறார்கள், அதில் பாதிப்பேர் அவருடைய பேஷண்டுகள். எப்படிச் சொல்லுவது? அப்போதுதான் அவருக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும், அந்த அம்மாளே கண்டுபிடிக்கட்டுமே! சிவப்புக் கோடு வரும். 'அடடே, இது எப்ப வந்துச்சு?' என்று எல்லாரோடும் சேர்ந்து தானும் வாயைப் பிளந்துவிட்டால் போயிற்று. மானமும் போகாது, மகளும் தப்பித்துக்கொள்வாள். மனசு பஞ்சாகி, ஒரு டம்ளர் காபிகூட வாங்கிக் குடித்தார்.

முதல் சக்கரம் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது சுத்தம். பின் இடது சக்கரம் மேஜைக்கு வந்தது. சிவப்பு அடித்து, துடைத்து, வெள்ளை தெளித்து, பத்து நிமிஷம் வைத்தார்கள். டாக்டர் குனிந்து, வா, வா என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சாயக்காரம்மா விளக்கைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முப்பத்தாறு வயசுச் சக்கரமா இது? ஒரு புள்ளி இல்லையே! எப்படி வச்சிருக்கார் பாருங்கய்யா மனுஷன். கத்துக்கோங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். வக்கீல் முழு ஆளாகத் திரும்பி நின்று தட்டினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், டாக்டருக்கு ஒரு கணம் நெஞ்சு பூரித்துப் போயிற்று. ஓரத்தில் துளிக் கசிவு இல்லை! தான் வைத்த ஃபில்லிங்குக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் எந்த டாக்டருக்குக் கிடைக்கும்? அடுத்த கணம், மகள் ஹெல்மெட்டை எடுப்பதைப் பார்த்தார்.

சக்கரங்களைத் திரும்ப மாட்டி, முன்கண்ணாடியில் 'ஓட்டலாம்' என்ற பச்சை வில்லையும் ஒட்டிவிட்டார்கள். மகள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, காத்து ரொம்ப வீசுது. இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"காத்தா? கொடி கூட ஆடலையேப்பா."

"மழை வரும்போல இருக்கு."

மகள் வானத்தைப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. டாக்டர் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆ! பல்லு வலி உயிர் போகுது. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

பின்னாலிருந்து மனைவி சொன்னார். "எந்தப் பக்கம்? அந்தப் பக்கமா? அது கட்டுப்பல்லுங்க."

வக்கீல் சிரித்த சிரிப்பில் கழுத்துப்பட்டை கழன்றுவிடும்போல ஆயிற்று. ஆனால் மகள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, கொடுக்க மனசு வரலைன்னா நேராவே சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். நிஜமா."

கடவுளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாய்ப்பு. 'ஆமாம்மா, மனசு வரல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விரிசலும் வெளியே வராது, மகளும் இறங்கிவிடுவாள். ஆனால் அவள் கண்ணில், எனக்குத் தெரியும், நீ கொடுக்க மாட்டாய் என்ற ஒரு பார்வை இருந்தது. பதினோரு வருஷம் வண்டி தள்ளிய பார்வை அது. பக்கத்தில் மனைவி வேறு, இந்த ஆளைப் பற்றித் தெரியாதா என்கிற மாதிரி உதட்டைச் சுழித்தார். டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கஞ்சப்பயல் என்று சொந்தப் பெண்ணே நினைப்பதா?

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்ல. போ, ஜாலியா ஓட்டிட்டு வா" என்று சொல்லி, காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

கார் உறுமிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. போன பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது டாக்டரின் மண்டைக்குள் இறங்கியது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் மனைவி. "முதல் சுத்து எல்லாரும் மெதுவாத்தான் போகணுமாம். முன்னாடி ஒரு வழிகாட்டி வண்டி போகுது பாருங்க. அது விலகினப்புறம்தான் வேகமாம்."

ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம். டாக்டர் ஓடினார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷன், ஐம்பத்தெட்டு வயசில், இன்னும் கீழே வைக்காத காலி காபி டம்ளரோடு ஓடினார். கொடி காட்டுகிற மேடையில் சாயக்காரம்மா வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார். அவரிடம் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அம்மா, என் பின் இடது சக்கரம்... அதுல நான் ஒண்ணு வச்சிருக்கேன்."

"என்ன வச்சிருக்கீங்க?" அடுத்து உள்ளே போக வரிசையில் காத்திருந்த வண்டிகளின் இரைச்சலில் அந்த அம்மாள் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கோடு இருந்துச்சு. அதை அடைச்சுட்டேன்."

"எதை வச்சு?"

தூரத்தில் வழிகாட்டி வண்டி கடைசி வளைவுக்கு வந்துவிட்டது. அதன் மேலே சுழன்றுகொண்டிருந்த விளக்கு அணைந்தது. அடுத்து அது ஒதுங்கிவிடும். டாக்டர் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினார். "விரிசல்! சக்கரத்துல விரிசல்! கொடியைக் காட்டுங்க!"

சாயக்காரம்மா மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. சிவப்புக் கொடியைக் கொடிக்காரர் கையிலிருந்து தானே பிடுங்கி வீசிக்கொண்டே, "எல்லாரும் நில்லுங்க, அந்த ரெண்டு சீட்டு வண்டி நடக்கற வேகத்துல உள்ள வரணும்" என்று வாக்கி டாக்கியில் சொன்னார். கொடியைப் பார்த்ததும் வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எஞ்சினை அணைத்தன. அது தெரியாமல் டாக்டர் அதே குரலில் அடுத்ததையும் கத்தித் தொலைத்தார்.

"பல்லுக்கு வைக்கிற ஃபில்லிங்கை வச்சு அடைச்சேன்!"

அந்த அமைதியில் அது மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

மகள் வந்து நிறுத்தினாள். சக்கரத்தைக் கழற்றி மறுபடியும் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. சாயக்காரம்மா ஒரு சுரண்டியை டாக்டர் கையில் கொடுத்து, "வச்சவரே எடுங்க" என்றார். எடுப்பது லேசான காரியமா? அவர் வைத்த ஃபில்லிங் அது! சுரண்டுகிறார், சுரண்டுகிறார், வருவேனா என்கிறது. முக்கால் மணி நேரம், நெற்றி வியர்வை மூக்கில் சொட்ட, தன் கைத்திறமையைத் தானே திட்டிக்கொண்டு, பூச்சையும் அடைப்பையும் உரித்தெடுத்தார். மகள் எதிரில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் சிவப்பு, மறுபடியும் வெள்ளை. இந்தத் தடவை பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. நகத்தளவு இருந்த கோடு, பூச்சுக்கு அடியிலேயே வளர்ந்து, ஸ்போக்கின் வேரைச் சுற்றிக்கொண்டு முக்கால்வாசி ஓடியிருந்தது. அவர் டிரில் போட்டுப் பறித்த பள்ளத்தின் இரண்டு முனையிலிருந்தும் புதிதாக இரண்டு கிளை வேறு கிளம்பியிருந்தது.

"இன்னும் எத்தனை சுத்து தாங்கியிருக்கும்?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டோ, இருவதோ. எனக்குத் தெரியாதும்மா" என்றார் சாயக்காரம்மா. பிறகு டாக்டரைப் பார்த்து, "எங்க பட்டறையில முப்பது வருஷத்துல எத்தனையோ பேர் விரிசலைப் பூசி மெழுகிக் கொண்டாந்து பாத்திருக்கேன். என் கண்ணையும் சாயத்தையும் ஏமாத்தினது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அது பாராட்டு இல்லை என்பது டாக்டருக்குப் புரிந்தது.

வக்கீலுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. நாக்கை ஒரு கன்னத்துக்குள் துழாவிக்கொண்டே கேட்டார். "டாக்டர், போன வருஷம் எனக்கு இந்தக் கடைவாயில வச்சீங்களே... அதுக்கு அடியில என்ன இருக்கு?"

அவ்வளவுதான். கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேரின் கன்னம் உள்ளிருந்து உப்பத் தொடங்கியது. ஆளாளுக்கு நாக்கால் தங்கள் ஃபில்லிங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளின் வலது கன்னமும் உப்பியிருந்தது.

காரை ஜாக்கி மேலேயே விட்டுவிட்டு, மனைவியின் சின்னக் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மகள் ஓட்டினாள். மனைவி முன்சீட்டில். டாக்டர் பின்சீட்டில், பக்கத்தில் அந்தச் சக்கரம். மனைவி எட்டி அதற்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு, "மூத்ததை விட்டுட்டு வர்றோம், இதாவது பத்திரமா வரட்டும்" என்றார். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

ரொம்ப தூரம் வந்த பிறகு மகள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக் கேட்டாள். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்பா?"

"ரெண்டு மாசமா."

"மனசு வரலைன்னா சொல்லிடுன்னு கேட்டேனே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போன்னு சொன்ன."

சொல்வதற்கு ஆயிரம் சப்பைக்கட்டு இருந்தது. கீறல் என்று நினைத்தேன், சாயத்தில் வரவில்லையே என்று நினைத்தேன். அத்தனையையும் தள்ளி வைத்துவிட்டு, "ஆமா" என்றார். "நீ என்னைக் கஞ்சன்னு நினைச்சுடுவியேன்னு இருந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதாம்மா."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மகள் வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முதல் வளைவு வந்தப்ப கால் நடுங்குச்சுப்பா. அவ்வளவு தாழ இருக்கு, தரை அப்படியே முகத்துக்கு வருது. பிரேக்கை மிதிச்சு ஓரங்கட்டிடலாம்னு தோணுச்சு. அப்புறம் நினைச்சேன், எங்கப்பா இந்த வண்டியைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கறவர். எனக்குக் கொடுக்கறார்னா நூறு தடவை பாத்துட்டுத்தான் கொடுத்திருப்பார். பயமே போயிடுச்சு. பிரேக்லேர்ந்து காலை எடுத்துட்டேன்."

பல் டாக்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். மனைவி திரும்பிப் பார்க்காமலேயே கைக்குட்டையைப் பின்னால் நீட்டினார்.

"என்னை மன்னிச்சிடு பாப்பா" என்றார்.

பரவாயில்லப்பா என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவர் மறந்த பிறந்தநாளுக்கும், வராத பள்ளிக்கூட விழாவுக்கும், மழையில் வண்டி தள்ள வைத்ததற்கும் அவள் உடனே சொன்ன வார்த்தை அதுதான். இன்றைக்கு அவள் சொல்லவில்லை. பச்சை விழுந்தது, கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.